வந்தா வந்துட்டுப் போவுது

அக்கா, அந்த ஆட்டப் பாருங்க, உள்ளயே பூந்துடுச்சு. வாழத்தாரு பக்கம்தான் மூஞ்ச நீட்டுது. ஒரு குச்சி எடுத்துத் தொரத்துங்க. இன்னா சொன்னீங்க? வந்தா வந்துட்டுப் போவுதா? ம். சரிதான். உங்க கட, உங்க வாழத்தாரு, சொல்றதுக்கு நான் யாரு. இல்லல்ல, மொறைக்கல. அந்த வார்த்தைய எங்கியோ கேட்டாப்புல இருந்துச்சு, அதான் நிமுந்து பாத்தேன்.

கலர் சோடா வேணாம், டீயே போடுங்க. சக்கர ரவ கம்மியா. டவுன்லேர்ந்து வரேன். மலை சுத்தலாம் வரல, இன்னிக்கு இன்னா பௌர்ணமியா? சும்மா ஒரு சோலி. வெயில்ல கால் இழுத்துக்கிச்சு, இந்த பெஞ்சியில ரவ நேரம் குந்திக்கினு போறேன்.

செவ்வாக்கெழமன்னா யாவாரம் எப்பிடி? வேண்டுதல்னு நாலு பேரு சுத்த வருவாங்க இல்ல. அதுல ஆம்பளைங்க ஜாஸ்தியா, பொம்பளைங்க ஜாஸ்தியா? சும்மாதான் கேட்டேன். கடைக்கு வந்துட்டு ஊமையாட்டம் எப்பிடி குந்தறது. உங்க வூட்டுக்காரரு எங்க, காணமே? கீழ்பென்னாத்தூருக்கா. கடல வறுக்க மல்லாட்ட எடுக்கவா. அதென்ன செவ்வாக்கெழமையா பாத்துப் போறாரு, மத்த நாள்ல அங்க மல்லாட்ட கெடைக்காதா? ஓ, வண்டி அன்னிக்குத்தான் வருதா. சரி சரி. பேரு? அப்பாசாமியா. இருக்கட்டும்.

நான் உங்க தலையவே பாத்துக்கினு இருக்கேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு கருப்பு இல்ல, மொத்தமும் வெள்ள. அதுல கனகாம்பரம் வேற. நானா இருந்தா அந்தத் தலைக்குப் பூ வெக்க வெக்கப்பட்டுக்கினு செத்திருப்பேன். இல்ல, நல்லாதான் இருக்குது. நல்லா இல்லன்னா சொன்னேன்? நல்லா இருக்கறதுதான் பேஜாரு.

உங்களுக்கு இன்னா வயசு இருக்கும்? நாப்பத்தெட்டா? மெய்யாலுமா? ஐயோ, நான் பாட்டுக்கு அக்கா அக்கான்னுக்கினு இருக்கேன். அப்ப நீ எனக்குத் தங்கச்சி. எனக்கா? எனக்கு உன்னவிட ஒண்ணு ரெண்டு ஜாஸ்தி இருக்கும். அத வுடு. எம்பேரு ஜோதியம்மா.

எங்கூட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரு. ப்ரைவேட் வண்டிங்களுக்கு. வேலூர் வண்டி ஒரு நிமிஷம் ஜாஸ்தி நின்னா விசில ஊதி ஊரக் கூட்டிடுவாரு. ஏம்மா, டைம் கீப்பர்னதும் டீ கிளாஸ் கையிலயே நின்னுடுச்சு? சூடா. சரி, கீழ வெய்யி. நான் எடுத்துக்கறேன்.

அவருக்கு நாப்பதுலயே நரச்சுடுச்சு. பத்து பன்னண்டு வருஷமா டை அடிக்கிறாரு. அடிச்சுக்கங்கன்னு மொதல்ல சொன்னதே நான்தான். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம. நாஷ்டா முடிச்சுட்டு, கெணத்தடியில முக்காலியப் போட்டுக்கினு, கிழிஞ்ச பனியனோட குந்துவாரு. நான் கொட்டாங்குச்சியில பவுடரக் கலக்குவேன். முன்பக்கம் அவரே கண்ணாடியப் பாத்து, பழைய பல் பிரஷ்ஷால இழுத்துப்பாரு. பின்மண்ட அவருக்கு எட்டாது, அது எம்பொறுப்பு. காதோரம் வழிஞ்சா கட்டவெரலால தொடச்சு வுடுவேன். காயற வரைக்கும் அவரு பேப்பர் படிப்பாரு, நான் பக்கத்துல குந்தி கீர ஆய்வேன். பெரிசா ஒண்ணும் பேசிக்க மாட்டோம். ஆனா எனக்கு அந்த நேரம் புடிக்கும். கல்யாணம் கட்டி இத்தினி வருஷத்துல நாங்க அவ்ளோ பக்கத்துல சும்மா குந்தினது அப்பதான்.

இந்தப் பங்குனி மாசம். ஞாயித்துக்கெழம. நான் கொட்டாங்குச்சியோட போய் நிக்கறேன், வேணாம்னுட்டாரு. ஒடம்பு சரியில்லியான்னேன். நல்லாதான் இருக்கேன்னாரு. அப்பால அடிக்கலாமான்னேன். இனிமே வேணாம்னாரு. வேணாம்னா வேணாம்தான், அதுக்கு மேல பேச்சு இல்ல. பன்னண்டு வருஷப் பழக்கத்த ஒருத்தன் ஒரு வார்த்தையில வுடுவானா? வுட்டா அதுக்குப் பின்னாடி ஒண்ணும் இருக்காதா? நீயே சொல்லு.

பக்கத்து வூட்டு சரோஜாகிட்ட சொன்னேன். ஆம்பள டை அடிக்க ஆரம்பிச்சாதான் பொண்டாட்டி பயப்படணும், நிறுத்திட்டா சாமி பக்கம் போறாருன்னு அர்த்தம், நிம்மதியா இருன்னா. நானும் ரெண்டு நாள் நிம்மதியாதான் இருந்தேன். மூணாம் நாள் கருவாட்டுக் கொழம்ப ரெண்டாந்தரம் ஊத்தச் சொன்னாரு. சாமி பக்கம் போற ஆளு கருவாட்டுக் கொழம்பு கேப்பாரா? சரி, போவட்டும். கண்ணாடி பாக்கறதாச்சும் கம்மியாவணும் இல்ல? அது ஜாஸ்தியாயிடுச்சு. மின்னெல்லாம் ஒரு சீவு சீவிட்டு ஓடுவாரு. இப்ப இப்பிடித் திரும்பறாரு, அப்பிடித் திரும்பறாரு, காதோரம் இருக்கற வெள்ளையத் தடவித் தடவிப் பாக்கறாரு. சிரிப்பு வேற.

ஒரு மனுஷன் எதுக்கு டை அடிக்கிறான்? நாலு பேரு பாக்கணும்னுதானே. நிறுத்தறான்னா இன்னா அர்த்தம்? பாக்க வேண்டியவ பாத்துட்டா, நல்லாருக்குதுன்னும் சொல்லிட்டா. அந்த வார்த்த நான் சொல்லல. அப்ப யாரு சொன்னா? இதான் என் கேள்வி. ரெண்டு மாசமா வேற கேள்வியே இல்ல எனக்கு.

சட்டைய மோந்து பாத்தேன். டீசல் வாடதான். பையத் தொழாவினேன், விசிலும் மூக்குப்பொடி டப்பியும்தான். அப்பால முடி வெட்டற சகாதேவன் இருக்கானே, அவனப் போய்ப் புடிச்சேன். பொம்பள சலூன் வாசல்ல போய் நின்னா நல்லாவா இருக்கும்? நின்னேன். இன்னாப்பா சொன்னாரு எங்கூட்டுக்காரருன்னு கேட்டேன். கருப்பு மொத்தமும் போற வரைக்கும் ஒட்ட வெட்டி வுடச் சொன்னாராம். சகாதேவன் பதறிப்போயி, இன்னா சார், திடுதிப்புனு கெழவனாயிடுவீங்களேன்னானாம். அதுக்கு இவரு சொன்னாராம், வந்தா வந்துட்டுப் போவுதுன்னு.

அவரு அப்பிடிப் பேசற ஆளே இல்லம்மா. முப்பத்திரெண்டு வருஷம் அவரோட குடும்பம் நடத்தறேன், அவரு வாயில இன்னா வார்த்த வரும், வராதுன்னு எனக்குத் தெரியாதா? அவரு வர்றதத் தடுக்கற ஆளு. வண்டி முன்னாடி வந்தாலும் கத்துவாரு, பின்னாடி வந்தாலும் கத்துவாரு. வந்தா வந்துட்டுப் போவுதுங்கறது வேற யாரோட வாயோ. யாருகிட்டயோ குந்திக் குந்திக் கேட்டு ஒட்டிக்கினு வந்த பேச்சு அது. அன்னிலேர்ந்து அந்த வாயத்தான் தேடிக்கினு இருந்தேன்.

போன வாரம் மலை சுத்திட்டு வந்தாரு. சக்கர வியாதிக்கு நடக்கணும்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து செவ்வாக்கெழம லீவுல மலை சுத்துவாரு. வாயெல்லாம் செவப்பு. அவருக்கு வெத்தல பழக்கமே கெடையாது. எங்க போட்டீங்கன்னு கேட்டேன். அடி அண்ணாமலையில ஒரு கடையிலன்னாரு. ஒரு கடைன்னாரு, யாரு கடைன்னு சொல்லல. சாதாரண கடைன்னா, இன்னார் கடைன்னு சொல்றதுக்கு இன்னா வந்துச்சு?

ஆமா. இந்தக் கடதான். பஸ்ஸ வுட்டு எறங்கி மூணு கடையில டீ குடிச்சுட்டுத்தான் இங்க வந்தேன், வயிறே பொங்குது. நீ ஆட்டப் பாத்து அந்த வார்த்தையச் சொன்ன பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு.

இன்னாது? அண்ணனா? டைம் கீப்பர் அண்ணனா? நேரா மூஞ்சியப் பாத்து அண்ணன்னா கூப்புடற? ஊர்ல எல்லாரும்தான் அண்ணன்னு ஆரம்பிக்கிறாங்க. கோச்சுக்காத. எம்புத்தி அப்பிடி. எங்கம்மாவே சொல்லுவாங்க, இவ பால்ல தண்ணியத் தேடமாட்டா, தண்ணியிலயே தண்ணி கலந்திருக்குதான்னு தேடுவான்னு.

சரி சொல்லு, எப்பிடிப் பழக்கம்? மாசி மாசமா. வேர்வையில டை எறங்கி, வெள்ளச் சட்ட காலரெல்லாம் கருப்பா வழிஞ்சுக்கினு வந்து நின்னாரா. அந்தச் சட்டையத் தொவைச்சவ நான்தான், மழையில நனஞ்சதுன்னாரு. மாசியில ஏது மழைன்னு அப்பவே நெனச்சேன். நீ ஈரத்துண்டு குடுத்தியா. குடுத்துட்டு? எதுக்கு அண்ணா இந்த அவஸ்த, வந்தா வந்துட்டுப் போவுது, எனக்கு வரலியான்னு உன் தலையக் காட்டினியா. அவ்ளோதானா? வேற ஒண்ணும் சொல்லல? அன்னிக்கு மல்லாட்ட வண்டி வராததால உங்க வூட்டுக்காரரும் பக்கத்துலதான் இருந்தாரா. ம். அதுக்கப்பறம் வாரா வாரம் வந்து அரை மணி குந்தறாரா. பஸ்ஸு ஒரு நிமிஷம் நின்னா கத்தற மனுஷன், இங்க அரை மணி குந்தறாரு. அந்த அரை மணியில இன்னா பேசுவாரு? சக்கர வியாதியப் பத்தி, மழையப் பத்தி, என்னப் பத்தியா? என்னப் பத்திப் பேச இன்னா இருக்குது?

இரு, அதுக்கு அப்பால வர்றேன். மொதல்ல நான் வந்த விஷயத்தச் சொல்லிடறேன், இல்லன்னா எனக்குத் தைரியம் போயிடும்.

சண்டைக்குத்தான் கெளம்பினேன். பொய் சொல்லக் கூடாது. செங்கம் ரோடு தாண்டற வரைக்கும் இன்னா இன்னா திட்டணும்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கினே வந்தேன். கரு கருன்னு முடியோட எவளோ நிப்பான்னு நெனச்சேன். வந்து பாத்தா நீ இப்பிடி. உன்ன எப்பிடித் திட்டறது? திட்டவும் முடியல, உம்மேல சந்தேகம் போவவும் இல்ல. அதனால நேராவே கேட்டுடறேன். அவரு எம்பேச்சக் கேக்கறதில்ல, உம்பேச்சக் கேக்கறாரு. எனக்கு ஒரு ஒத்தாச பண்ணு. மறுபடியும் டை அடிச்சுக்கச் சொல்லு அவர.

எதுக்கா? ஆபீஸுல மரியாத போயிடும். டிரைவருங்க மதிக்க மாட்டானுங்க. இல்லியா? முடி வெளுத்த அப்பறம்தான் மதிக்கிறானுங்கன்னு அவரே சொன்னாரா? ஓ.

சொந்தக்காரங்க கேப்பாங்க. அதுவும் இல்ல. சரி, சரி, அப்பிடிப் பாக்காத. சொல்றேன். நீ சிரிக்கக் கூடாது. உன் வூட்டுக்காரருகிட்டயும் சொல்லக் கூடாது.

கொட்டாங்குச்சியில மிச்சம் இருக்கும் இல்ல, அத நான் போட்டுக்குவேன்.

அவரு குளிச்சுட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனதும் கதவத் தாப்பாப் போட்டுக்கினு, வகிட்டுலேர்ந்து ஆரம்பிச்சு, மொத்தமும். பின்னாடி எனக்கும்தான் எட்டாது, எனக்கு யாரு இருக்கா. தட்டுத் தடுமாறி நானே தடவிக்குவேன். முந்தானைய இப்பிடி எடுத்தா தெரியும், பாரு. பாத்தியா. ரெண்டு மாசம் ஆச்சு இல்ல, வகிடு பூரா வெள்ள வந்துடுச்சு. பங்குனி, சித்திர, வைகாசி, வெயில்ல தலையில முந்தானையப் போட்டுக்கினு திரியறேன். வூட்டுக்குள்ள போட்டா கேப்பாரேன்னு சமையக்கட்ட வுட்டு வெளியவே வர்றதில்ல. நானே போய்க் கடையில வாங்கலாம்தான். தேரடித் தெருவுல வாங்கினா சாயங்காலத்துக்குள்ள பஸ் ஸ்டாண்டுக்குச் சேதி போயிடும். அவருக்கு நான் டை அடிக்கச் சொன்னதே அதுக்குத்தாம்மா. எனக்கு மொதல்ல நரச்சுது. வூட்டுக்குள்ள அந்தப் பவுடரு வர்றதுக்கு வேற வழி தெரியல.

நரச்சா இன்னான்னு நீ ஈஸியா கேட்டுட்ட. உனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு அப்பிடி இல்ல. நான் அவரவிடப் பெரியவ. ரெண்டு வயசு. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா மூணு வயசு சின்னவன்னு சொல்லிட்டாரு, ஜாதகம் வெள்ளத்துல போயிடுச்சுன்னுட்டாரு. எனக்கே கல்யாணம் ஆன அப்பறம்தான் சொன்னாங்க. அன்னிலேர்ந்து கூட்டிக் கழிச்சுத்தான் வாயத் தொறக்கறேன். வெள்ளக்காரன் காலத்து யுத்த சமயத்துல ரேஷனுக்கு நான் வரிசையில நின்னவ. யாராச்சும் அந்தப் பேச்சு எடுத்தா, எனக்கு நெனவு தெரியாத வயசுன்னுடுவேன். உன்கிட்டயும் சொன்னேன் இல்ல, ஒண்ணு ரெண்டு ஜாஸ்தின்னு. ஆறு ஜாஸ்தி. அம்பத்திநாலு எனக்கு. முடி வெளுத்துட்டா மூஞ்சியும் வயசச் சொல்லிடும். அவரு பாத்துட்டு, இவ நமக்கு அக்காவாட்டம் இருக்காளேன்னு ஒரு நிமிஷம் நெனச்சுட்டாருன்னா போதும், நான் எங்க போவேன்? அதுக்குத்தான் பயம். இன்னொருத்தி இருந்தாக்கூட சண்ட போட்டு இஸ்துக்கினு வந்துடலாம். இதுக்கு யாரோட சண்ட போடறது?

இன்னா நீ, சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல.

இன்னா? இன்னா சொன்ன, திரும்பச் சொல்லு.

யாரு சொன்னா உனக்கு? அவரா? எப்ப? மொத நாளே சொன்னாரா, எங்கூட்டுக்காரி என்னவிட ரெண்டு வயசு மூத்தவன்னு? இங்க, இந்த பெஞ்சியில குந்திக்கினு? அவருக்கு எப்பிடித் தெரியும்? மொத தீபாவளிக்கு எங்கூருக்கு வந்தப்ப எஞ்சித்தப்பா குடிச்சுட்டு ஒளறினாரா. மொத தீபாவளிக்கா? முப்பத்திரெண்டு வருஷமா தெரியுமா அவருக்கு?

அப்ப டையும் தெரியுமா? ஆமா, ரெண்டு பாக்கெட்டுதான் வாங்கியாருவாரு. அவரு தலையில இருக்கற முடிக்கு ஒண்ணே ஜாஸ்தி. கணக்குத் தெரியாத மனுஷன்னு நெனச்சுக்கினு இருந்தேன். எனக்கும் சேத்தா வாங்கினாரு?

அப்பறம் எதுக்கு நிறுத்தினாரு? என் தல வெந்து போயி, நான் சொறிஞ்சுக்கினே இருக்கறத அவரால பாக்க முடியலியா. நிறுத்துன்னு அவகிட்ட சொன்னா, எனக்குத் தெரியும்னு ஒத்துக்கணும், அவ ஒடைஞ்சிடுவா, அதனால நான் நிறுத்தறேன், மிச்சம் இல்லன்னா அவளும் தானா வுட்டுடுவான்னு சொன்னாரா. உன்கிட்ட சொன்னாரு. என்கிட்ட சொல்லல.

இல்ல, அழுவல. டீ பொகதான்.

பூவா? எனக்கா? வேணாம் வேணாம். இந்தத் தலைக்கா. சரி, குடு. இல்ல, நீயே வெய்யி, எனக்குப் பின்னாடி எட்டாது. முந்தானையத் தள்ளிட்டு வெய்யி. போவட்டும், வெய்யி.

சரோஜாவப் போய்ப் பாக்கணும் நான். சந்தேகப்படாதேன்னு என்னா பேச்சு பேசினா அவ. அந்த மனுஷன் எங்கிட்ட எதையோ மறைக்கிறாருன்னு நான் ரெண்டு மாசமா சொல்லிக்கினு இருக்கேன், ஒருத்தரும் நம்பல. முப்பத்திரெண்டு வருஷமா மறச்சிருக்காரு பாத்தியா. இன்னிக்குச் செவ்வாக்கெழமதான? எத்தினி மணிக்கு வருவாரு? வரட்டும். இங்கயே குந்திக்கினு இருக்கேன். அவருக்கும் சேத்து ஒரு டீ போடு. இன்னும் என்னென்ன தெரியும் அந்தாளுக்குன்னு இன்னிக்குக் கேட்டுடறேன்.